யாருடைய கோப்பு?

பெரியம்மா ஒரே மூச்சில் சொல்லி முடிக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பால்மரம், மங்கு, விடியற்காலைப் பிரட்டு, கணக்கில் கைவைத்த கிராணி என்று சொல்லிக்கொண்டே போனார். நண்பர்கள் சிலர் சேர்ந்து கொண்டுவரவிருந்த தோட்ட நினைவுகள் தொகுப்புக்காக நான் அதை மடிக்கணினியில் தட்டச்சு செய்தேன்.

அதில் ஓர் எழுத்துச் செயலியின் பீட்டா பதிப்பு இருந்தது. புதுசு என்றாலே எனக்கு ஒரு சபலம். ஊருக்கு முன்னால் நமக்குக் கிடைத்துவிட்டதே என்ற அற்பப் பெருமை வேறு. நிறுவும்போது நீளமாக ஓர் ஒப்பந்தம் வந்தது. உள்ளது உள்ளபடியே தருகிறோம், உத்தரவாதம் கிடையாது என்ற வகையறா. யார் லா அதையெல்லாம் படிப்பது? ஒப்புக்கொள்கிறேன் என்று தட்டினேன்.

நான்காவது வாரம் ஒரு புதுப்பிப்பு வந்தது. கோப்பு திறந்தது, ஆனால் பாதிக்குமேல் வெற்றுப் பக்கங்கள். தானாகச் சேமிக்கும் வசதி அந்த வெறுமையையும் ஒழுங்காகச் சேமித்து வைத்திருந்தது. நகல் எடுத்து வைக்கவில்லை.

தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றேன். "அதுக்கென்னடா, மறுபடி சொன்னா போச்சு" என்றார் பெரியம்மா. சொன்னார். ஆனால் இந்த முறை பக்கத்தில் மகளும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். கதை கோவையாக, அழகாக வந்தது. கிராணி மட்டும் வரவே இல்லை. கேட்டேன். "அதெல்லாம் எதுக்குய்யா இப்ப."

ஒப்புக்கொண்டது நான். இழந்தது அவர். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை.

யாராவது சோதித்துப் பார்க்காமல் எந்த மென்பொருளும் தேறாது. அந்த வகையில் பீட்டாவைப் பயன்படுத்துபவர் எல்லாருக்குமாகச் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார். 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று சிலருடைய ஆவணங்களை அழித்தது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தது. முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்களில் சிலர் இதைப் பற்றி முன்பே புகார் செய்திருந்தார்கள். அது கவனிக்கப்படவில்லை. முழுமையான பதிப்பும் கைவிடும் என்பதற்கு இதுவே சாட்சி. பெயரை மட்டும் வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஜிமெயில் 2004 முதல் 2009 வரை பீட்டா என்ற ஒட்டுடனேயே இருந்தது. உலகமே அதில் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது.

அப்படியானால் பீட்டாவை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? எதுதான் உடையாது?

ஒரே வேறுபாடுதான். பீட்டாவில் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். இது உடையலாம், ஒரு நாள் காலாவதியாகும் என்று. 2009 நவம்பரில் பொதுவில் திறந்துவிடப்பட்ட ஆபிஸ் 2010 பீட்டா, 2010 அக்டோபர் 31-இல் காலாவதியானது. தெரிந்த பிறகு அது விபத்து இல்லை, நம் தேர்வு. புது பிரேக்கைச் சோதிக்க நம் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். பின்சீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டலாமா?

முதலிலேயே அனுமதி கேட்டிருக்கலாமே என்று நண்பன் ஒருவன் சொன்னான். கேட்டிருந்தால் பெரியம்மா என்ன சொல்லியிருப்பார்? "உனக்குத் தெரியாததாய்யா." அது அனுமதி இல்லை, நம்பிக்கை. அனுமதி என்றால் பொறுப்பில் பாதி கொடுத்தவருடையது. நம்பிக்கையில் முழுப் பொறுப்பும் வாங்கியவருடையதுதான். அலுவலகத்தில் சக ஊழியரின் அறிக்கை, சங்கத்தின் கணக்கு, மாணவனின் கட்டுரை எல்லாம் நம் கணினிக்கு இப்படித்தான் வருகின்றன. அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

இப்போதும் பீட்டா பார்க்கிறேன். சபலம் போகவில்லை. ஆனால் பழைய கணினி ஒன்றில், என் சொந்தக் குப்பைகளை மட்டும் வைத்து. அடுத்தவர் எழுத்து வந்தால் பழைய செயலியில் திறந்து, முதல் வேலையாக இரண்டு இடங்களில் நகல் எடுக்கிறேன். கோளாறு கண்டால் புகாரும் எழுதுகிறேன், யார் படித்தாலும் படிக்காவிட்டாலும்.

தொகுப்பு வந்துவிட்டது. பெரியம்மாவின் பகுதியைப் பலரும் பாராட்டினார்கள். ஒரு பிழைகூட இல்லை. இரண்டாம் பக்கத்தில், பிரட்டுக்களம் வரும் இடத்தில், யார் நின்றிருக்க வேண்டும் என்பது அவருக்கும் எனக்கும்தான் தெரியும்.