இடைகழியில் இடம்

திருக்கோவிலூர்ப் பத்திரப் பதிவு அலுவலகத்தை அண்டி ஆவணம் எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கு இடம் என்பது நாள்தோறும் புழங்குகிற சரக்கு. நஞ்சையாயினும் புஞ்சையாயினும் இத்தனை செண்ட் என்று விஸ்தீரணம் சொல்லி, கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால், வடக்கே பொதுப்பாதை என்று செக்குபந்தி கட்டி, பிறர் இடத்துக்கெல்லாம் எல்லை எழுதித் தந்து பழகியவன், தன் மேஜைமேல் இருக்கும் கணிப்பொறியின் சி டிரைவில் இனி இடமே இல்லை என்று ஒரு சிவப்புக் கோடு அறிவித்தபோது, அங்கே அனுபவத்தில் இருப்பவர் யார், அவருக்கு என்ன பாத்தியம் என்று விசாரிக்கத் தலைப்பட்டது தொழில் சுபாவமே தவிர வேறில்லை.

2018ஆம் ஆண்டில் பதிவுத்துறை ஸ்டார் 2.0 என்னும் இணையவழி முறைக்கு மாறியதிலிருந்து கணிப்பொறியின்றி எங்களுக்குப் பொழுது விடிவதில்லை. பழைய ஹார்டு டிஸ்க் ஆமை வேகத்தில் சுழன்று கட்சிக்காரர்களின் பொறுமையைச் சோதித்தமையால், வேகத்தை உத்தேசித்து, சிறியதே ஆயினும் ஓர் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, அதிலேயே விண்டோஸைக் குடியேற்றினேன். அட்டைப்பெட்டியில் 120 ஜிபி என்று அச்சிட்டிருந்த அதனைக் கணிப்பொறி 111 ஜிபி என்றே காட்டிற்று. விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸோ ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது. பொருளில் குறைவில்லை, அளவுகோல்தான் வேறு. இதை மோசடி என்று சொல்ல இந்த ஊர்க்காரனுக்கு வாய் வராது. சின்னஞ்சிறு பாதத்தைக் காட்டி மூன்றடி மண் யாசித்துவிட்டு, அளக்கும் வேளையில் வேறொரு பாதத்தை நீட்டிய பெருமாளையல்லவா நாங்கள் நித்தியம் சேவிக்கிறோம்!

இடம் போதவில்லையென்றால் குப்பையைக் கூட்டு என்பதே எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை. "டெம்ப்பை அழிச்சுட்டு, ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணிடுங்க சார்" என்று பழுதுபார்க்கும் பையனும் சொன்னான். அழித்த கோப்பும் அந்தத் தொட்டியைக் காலி செய்கிறவரையில் தான் இருந்த இடத்தை விடுவதில்லை என்பதால், அவன் சொன்னது சரியே. ஆனால் அதனால் கிடைத்த இடம் சொற்பம். ஊன்றிப் பார்த்தால், இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை பெரும்பாலும் குப்பையே அல்ல. புதிய பதிப்பு வந்து அமர்ந்த பின்னும், ஒருவேளை பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம் என்பதற்காக, விண்டோஸ் தன் பூர்வ சரீரத்தை முழுவதும் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற பெயரில் பத்து நாள் வரை பேணி வைக்கிறது. அதை மன்னித்துவிடலாம், தவணை கழிந்ததும் தானே விலகிக்கொள்ளும். நான் நெடுநேரம் நின்று யோசித்தது, கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்து கிடந்த வேறொன்றைப் பற்றி. ஹைபர்நேட் என்கிற நெடுந்துயிலுக்காக ஒதுக்கப்பட்ட கோப்பு அது. கணிப்பொறி உறங்கப்போகும்போது தன் நினைவிலுள்ளதையெல்லாம் இறக்கி வைப்பதற்காக, ரேமின் அளவில் இயல்பாக நூற்றுக்கு நாற்பது பங்கு இடத்தை, உறங்கினாலும் உறங்காவிட்டாலும், அது எப்போதும் பிடித்து வைத்துக்கொள்கிறது. 16 ஜிபி ரேம் உள்ள என் கணிப்பொறியில் இது 6 ஜிபிக்கு மேல். நானோ மாலையில் கடை கட்டும்போது கணிப்பொறியை அணைத்துவிடுகிறவன். அதை ஹைபர்நேட்டில் வைத்ததாக எனக்கு நினைவே இல்லை.

படுத்துக் கிடப்பவருக்கு வேண்டிய இடம் எவ்வளவு என்பதை இந்த ஊருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மழையும் இருளும் கூடிய ஓர் இரவில், மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில் முதலில் வந்து ஒதுங்கிய பொய்கையாழ்வார் காலை நீட்டிப் படுத்தார் என்றும், அடுத்து வந்த பூதத்தாழ்வார் இடம் கேட்க, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்தார் என்றும், பேயாழ்வாரும் வந்து சேரவே மூவரும் நின்றார்கள் என்றும், அதன்பின் நான்காமவர் ஒருவர் இருளிலே வந்து நெருக்கினார் என்றும் ஐதீகம். அந்த நெருக்கத்திலேதான் முதல் மூன்று திருவந்தாதிகளும் பிறந்தன. நெருக்கிய பெருமாளுக்கும் தேஹளீசன், அதாவது இடைகழியின் ஈசன் என்றே திருநாமம் வழங்கலாயிற்று. இந்தக் கதையை உபன்யாசத்தில் கேட்கிறவர்கள் நான்காமவரின் வருகையில் உருகுவார்கள். பத்திரம் எழுதுகிறவனுக்கோ அதற்கு முந்தின கட்டத்திலேயே மனம் தங்கிவிடுகிறது. அந்த இரவில் இடைகழி ஓர் அங்குலமும் விரியவில்லை. அதிலிருந்து ஒருவரும் வெளியேற்றப்படவில்லை. முதலில் வந்தவர், முதலில் வந்தேன் என்ற பாத்தியத்தைப் பேசாமல் எழுந்து உட்கார்ந்தார் என்பது ஒன்றே நடந்தது.

பாகப்பிரிவினைக்காக என்னிடம் வருகிற குடும்பங்களில் நான் காண்பதும், இடம் இல்லாமையைவிட, படுத்துக் கிடக்கும் பாத்தியங்களே. சென்னையிலோ பெங்களூரிலோ உத்தியோகம் பார்க்கும் ஒருவர், வருஷத்துக்கொருமுறை திருவிழாவுக்கு வரும்போது தங்குவதற்கென்று பூர்வீக வீட்டின் பெரிய அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோயிருப்பார்; அந்த அறைக்கு வெளியே, கூடத்தில், தம்பியின் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். அவர் பொல்லாதவரும் அல்லர், அவர் கேட்பது அக்கிரமமும் அன்று. திரும்பி வரும்போது விட்டுப்போன இடத்திலிருந்தே வாழ்க்கையைத் தொடரலாம் என்ற ஆசை கணிப்பொறிக்கே இருக்கும்போது மனிதருக்கு இருக்கலாகாதா? ஆனால் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, வரும்போது ஒரு பாய் விரித்துக்கொள்ளலாம் என்றால் மட்டும், சொத்தே கைநழுவினாற்போல் அவர் முகம் மாறிவிடுகிறது. அவரைக் குறை கூறும் நானும், எவனோ என்றோ சொன்ன ஒரு கடுஞ்சொல்லுக்கு மனத்தில் விசாலமான அறை ஒதுக்கி, அவன் செத்த பிறகும் காலி செய்யாமல் வைத்திருக்கிறேன்.

படுத்துக் கிடந்த ஹைபர்நேட்டை நான் நீக்கியதுபோல், எழுந்து உட்காரச் சொல்வது ஒருவகை என்றால், தக்க இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றொரு வகை. என் டாக்குமெண்ட்ஸில் கிடந்த பழைய கிரயப் பத்திர நகல்களையும், கட்சிக்காரர்கள் அனுப்பிய பட்டா, வில்லங்கச் சான்றுகளின் ஸ்கேன்களையும், அவற்றோடு கலந்து கிடந்த பேத்தியின் புகைப்படங்களையும் அழிக்க மனம் வருமா? அவற்றை டி டிரைவாக அமர்ந்துவிட்ட பழைய ஹார்டு டிஸ்குக்கு மாற்றினேன். வேகத்தில் மந்தமானாலும் கிடங்காக இருக்க அதுவே உத்தமம். அவை அங்கே திறப்பதைச் சரிபார்த்துக்கொண்ட பிறகே இங்கே நீக்கினேன். ஏனென்றால் ஒப்படைக்காமல் விடைபெறுவது இந்த ஊருக்கு அழகன்று. தென்பெண்ணையின் நடுவே நிற்கும் பாறையில் கபிலர் உயிர் துறந்தார் என்கிறார்களே, அவரும் தம்மிடம் அடைக்கலமாக இருந்த பாரி மகளை மலையமானுக்கு அளித்துவிட்டே தீப்புகுந்தார் என்றுதான் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்லுகிறது.

இவ்வளவும் செய்து ஓர் இருபது, இருபத்தைந்து ஜிபி கிடைத்ததும், அதில் எதைக் கொண்டுவந்து வைக்கலாம் என்றுதான் புத்தி உடனே போகிறது. அங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். எஸ்.எஸ்.டி.யின் அமைப்பு, எழுதியதன் மேலேயே எழுத இடம் கொடாது. ஒரு கட்டத்தை முழுவதும் துடைத்த பிறகே அதில் மறுபடி எழுத முடியுமாதலால், உள்ளதை இங்குமங்கும் ஒதுக்கி வைக்க அதற்கு எப்போதும் சில வெற்றுக் கட்டங்கள் வேண்டும். நிரம்ப நிரம்ப அதன் வேகமும் குறையும், ஆயுளும் தேயும். புதிய பதிப்பு வந்தால் அதைப் பிரித்து விரிக்கவும் இடம் வேண்டும். இதற்காகவே 2019 முதல் விண்டோஸ், புதிதாக நிறுவும்போது ஏறத்தாழ 7 ஜிபியைத் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. காலியாகத் தெரியும் இடம் வேலையற்ற இடமல்ல. எவருக்கும் சொந்தமாகாமல் இருப்பதே அதன் வேலை. பாகப்பத்திரத்தில் அறைகளையும் கூடத்தையும் கொல்லையையும் அ ஷெட்யூல், ஆ ஷெட்யூல் என்று வெட்டிக் கொடுத்த பிறகு, ரேழி என்கிற இடைகழியையும் கிணற்றையும் மட்டும் எவர் பங்கிலும் சேர்க்காமல், பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதுகிறோம். அதையும் பங்கிட்டால் இருவருமே தம்தம் அறைக்குள் நுழைய வழியில்லாமல் நிற்பார்கள்.

ஹைபர்நேட்டை நீக்கியதற்கு விலை இல்லாமல் இல்லை. அதோடு வேகமாகத் துவங்கும் வசதியும் போய்விடுகிறது. காலையில் கணிப்பொறி கண் விழிக்கச் சற்றுத் தாமதமாகிறது. எழுந்து உட்கார்ந்தவருக்குப் படுத்த சுகம் கிடையாதென்பது நியாயந்தானே. சில நாளைக்குமுன் அண்ணன் தம்பி இருவருக்குப் பாகப்பத்திரம் எழுதிக்கொண்டிருந்தபோது, ரேழியில் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொள்ளத் தனக்கு மட்டும் உரிமை எழுத வேண்டுமென்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். "வேணாம்யா, ரேழி பொதுவிலேயே இருக்கட்டும்" என்று அவரைச் சமாதானப்படுத்தி, அப்படியே எழுதி, இருவரும் கையெழுத்திட்டுப் பதிவும் ஆயிற்று. மோட்டார் சைக்கிள் இப்போதும் ரேழியில்தான் நிற்கிறதாம்.