எந்திரம் இல்லாவிட்டால் என்ன?

"எக்ஸ்ரே லேசரா? அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்று பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கைகழுவிவிடும் தம்பி, உனக்கு யார் சொன்னது?

2009 ஏப்ரலில் கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் எல்.சி.எல்.எஸ். என்ற எக்ஸ்ரே லேசர் முதன்முதலில் ஒளிர்ந்தது. ஒளியை எட்டிப்பிடிக்கப் பார்க்கும் வேகத்தில் பாயும் எலக்ட்ரான்களைக் கொத்தாக நெருக்கி, காந்தங்களின் நடுவே நெளிந்தோட வைத்தால் அந்தக் கதிர் பிறக்கும். நெருக்க அவற்றை வளைவுகளில் ஓட்ட வேண்டும்; அதில்தான் வம்பு. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒருவன் பிரேக்கைத் தொட்டால் கிள்ளான் வரை வண்டிகள் திணறுமே, அப்படித்தான் கொத்துக்குள் ஒளிந்திருக்கும் மயிரிழை ஏற்றத்தாழ்வு வளைவுகளில் பெருகிக் கற்றையையே குலைத்துவிடும்.

இந்தக் கேட்டைக் காட்டிக்கொடுத்தது கணினி! லேசர் ஒளிர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஆர்கோன் ஆய்வகத்தின் மைக்கேல் போர்லாண்ட் தாம் எழுதிய 'எலிகண்ட்' நிரலில் எலக்ட்ரான்களை ஓடவிட்டார். வளைவில் அவை உமிழும் கதிரே அவற்றைக் கலைப்பது திரையில் தெரிந்தது. மருந்தையும் கணக்குப் போட்டே கண்டார்கள்: சிறு லேசரால் எலக்ட்ரான்களின் ஆற்றலை முன்கூட்டியே கொஞ்சம் கலைத்துவிட்டால் பெரிய குலைவு அடங்கும்.

ஒரு பொறி உண்டு. கொத்தில் இருப்பவை கோடிக்கணக்கான எலக்ட்ரான்கள். கணினியோ பெரும்பாலும் அதைவிட மிகக் குறைந்த துகள்களை வைத்தே ஒப்பேற்றும். துகள் குறைந்தால் பொய் ஆட்டமும் பெருகும். எது இயற்கையின் ஆட்டம், எது கணக்கின் கோளாறு என்று பிரித்தறிகிறவன்தான் விற்பன்னன். அதற்குப் பாஸ்போர்ட்டா வேண்டும்? பிடிவாதம் வேண்டும்!

இங்கே நடக்காது என்கிறாயா? கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறு, நான்காவது நிலையத்தில் இறங்கினால் மலாயாப் பல்கலைக்கழகம். 1980களில் அங்கே பேராசிரியர் லீ சிங், 15 கிலோவோல்ட் கெபாசிட்டர் ஒன்றை வைத்தே பிளாஸ்மா போகஸ் எந்திரம் கட்டினார். அதற்குள் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயு நிலைகுலையும் கணத்தில் எலக்ட்ரான் கற்றையும் எக்ஸ்ரேயும் பீறிடும். எகிப்து, இந்தியா, இந்தோனேசியா, பாகிஸ்தான் விஞ்ஞானிகள் கோலாலம்பூருக்கு வந்து கற்றுப் போனார்கள். அந்த எந்திரத்தின் போக்கைக் கணிக்கும் அவருடைய நிரல் பிற்பாடு எக்செல் தாளிலேயே ஓடியது. எக்செல்! ஆபீஸ் கிராணி அக்கா சம்பளக் கணக்குப் போடும் அதே எக்செல்!

சாக்குப்போக்கை மூட்டை கட்டு. எலிகண்ட் இலவசம், இன்றிரவே மடிக்கணினியில் இறக்கு. ஒரு கொத்தை ஒரே ஒரு வளைவில் ஓட்டு. துகள்களை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டு. ஆட்டம் குறைந்தால் கணக்கின் கோளாறு. குறையாமல் நிற்கிறதா? விடாதே, துரத்து!