பழைய வண்டியும் நமது பொறுப்பும்

பழைய பொருளை விடாமல் வைத்திருப்பவரைச் சிக்கனமானவர் என்று புகழ்கிறோம். அவரையே மற்றொரு நாள் கஞ்சன் என்கிறோம். புதியது வாங்குபவரை ஆடம்பரக்காரர் என்று பேசும் நாம், நாமே வாங்கும்போது அதற்குத் 'தேவை' என்று பெயர் சூட்டுகிறோம். இந்தத் தராசு நம் கையில் எவ்வளவு எளிதாகச் சாய்கிறது என்பதை அண்மையில் ஒரு வண்டியின் காரணமாகச் சிந்திக்க நேர்ந்தது.

நம்முடையது கடலோர ஊர். நாம் 'காக்கா' என்று அழைக்கும் பெரியவர் ஒருவர் 2003-ஆம் ஆண்டில் பதிவான மாருதி ஆம்னி வேன் ஒன்றை வைத்திருக்கிறார். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அமைத்து, அதன் அடியில் அடுப்பும் பாத்திரமும் தண்ணீர்க் கேனும் வைக்க இடம் செய்திருந்தார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் குடும்பம் அதில் புறப்பட்டுவிடும். விடுதி தேடும் வேலையில்லை. பெண்கள் உள்ளே படுத்துக்கொள்வார்கள், ஆண்கள் வெளியே பாய் விரிப்பார்கள். காக்காவின் உம்மா மவுத்தாகும் வரை ஜன்னலோரம் அந்தக் கட்டிலில் சாய்ந்தபடிதான் பயணம் செய்வார்கள். கடைசியாக அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும் அந்த வண்டியே.

பதினைந்து ஆண்டு நிறைந்ததும் 2018-இல் மறுபதிவு செய்தார். 2023-இல் மறுபடியும் செய்தார். அதற்குள் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாகிவிட்டிருந்தது. அதையும் கட்டினார். இந்த ஆண்டு பட்டறையில் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, உப்புக்காற்று தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. தரைத் தகரத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கீழே குறுக்குச் சட்டமும் செதில் செதிலாக உதிர்ந்தது. டிங்கர் வேலை செய்பவர், "ஒட்டுப் போடலாம் காக்கா, ஆனா ஒட்டுறதுக்கு நல்ல தகரம் வேணுமே" என்றாராம்.

வீட்டில் மூன்று கருத்துகள். "மாமி படுத்த இடம், கொடுக்கக் கூடாது" என்றார் மனைவி. "வங்கியில் கடன் எடுத்துப் புதிய வண்டி வாங்குவோம்" என்றார் மகன். வட்டி பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை, எனவே மகனின் யோசனையை இத்துடன் விட்டுவிடுவோம். காக்காவோ, "ஓடுற வண்டியைத் தள்ளுறது வீண்விரயம் ஆகாதா ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்டார்.

நல்ல கேள்விதான். பொருளை வீணாக்குவது அல்லாஹ்வுக்குப் பிடிக்காத செயல்களில் ஒன்று என்பது ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. நபி (ஸல்) அவர்கள் தங்கள் செருப்பைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் களைத்துப்போன தம் ஒட்டகத்தை விட்டுவிடலாம் என்று எண்ணிய வேளையில், நபி (ஸல்) அவர்கள் அதைத் தட்டி, துஆச் செய்தார்கள். அது முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் நடந்தது. பிறகு அதை விலைக்கு வாங்கி, மதீனா வரை அவரையே அதில் ஏறிவரச் செய்து, அங்கு சேர்ந்ததும் விலையையும் ஒட்டகத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். தளர்ந்ததை உடனே தள்ளிவிடும் அவசரம் நம் மார்க்கத்தின் இயல்பு அல்ல. மனைவியின் பாசத்தையும் நாம் கேலி செய்ய மாட்டோம். உம்மாவின் நினைவு தகரத்தில் ஒட்டியிருந்தால் அது குற்றமாகாது.

ஆனால் செருப்பு அறுந்தால் நம் கால் மட்டும் நோகும். வண்டியின் தரை பெயர்ந்தால் அதன் மேல் உறங்கும் பேரப்பிள்ளைகள் என்னாவார்கள்? எஞ்சின் முன்னிருக்கையின் அடியில் இருக்கும் வண்டி அது. ஓட்டுபவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவே அதிகம் ஒன்றுமில்லை. 1984-இல் வெளிவந்த அந்த வகை வேனின் உற்பத்தி, புதிய பாதுகாப்பு விதிகள் வந்த 2019-இல் நின்றுபோயிற்று. தடுப்புச் சுவர் இல்லாத மாடியில் உறங்குபவர் பற்றி அபூதாவூதில் வரும் எச்சரிக்கையைக் காக்காவுக்கு நினைவூட்டினோம். அடுத்தவர் உயிரைப் பந்தயம் வைத்து மிச்சப்படுத்தும் பணத்துக்குச் சிக்கனம் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

காக்கா இதை உடனே ஒப்புக்கொண்டார். நாமும் விஷயம் முடிந்தது என்றே நினைத்தோம். அப்போதுதான், "பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் டிரைவர் ஒருத்தர் 45 ஆயிரத்துக்குக் கேட்கிறார். பழைய இரும்புக்காரர் 18 ஆயிரம்தான் தருவாராம்" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம் பேரப்பிள்ளைகளுக்கு ஆகாத வண்டி, யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு ஆகுமா? இதை அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. "இருக்கிறபடி எடுத்துக்கொள் என்று எழுதி வாங்கிவிட்டால் போதாதா?" என்று வெள்ளையாகவே கேட்டார். நம்மில் பலரும் அப்படித்தான் விற்கிறோம், மனமும் உறுத்துவதில்லை.

போதாது. நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. 'எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல' என்ற நிபந்தனை, உயிர்ப்பிராணியில் மறைந்திருக்கும், விற்பவருக்கே தெரியாத குறைக்கு மட்டுமே செல்லும். பிராணியின் வயிற்றுக்குள் இருக்கும் நோயை யார் அறிவார்! விரிப்பின் அடியிலுள்ள ஓட்டையோ காக்காவின் கண்ணால் பார்த்தது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். இங்கே விரிப்பைத் தூக்கிக் காட்டுவதுதான் அந்த ஈரத்தை மேலே வைப்பது.

"தூக்கிக் காட்டிய பிறகும் அவர் கேட்டால்?" என்றார் காக்கா. குறையை அறிந்தே வாங்கியவர் அதைக் காட்டித் திருப்பித் தர முடியாது, விற்பனை செல்லும், சட்டப்படி உங்களுக்குப் பிடியில்லை என்றோம். ஆனால் அதில் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு யாரும் விரிப்பைத் தூக்கிக் காட்டப் போவதில்லையே! தரையையும் சட்டத்தையும் முழுமையாக மாற்றிய பிறகு டிரைவருக்குக் கொடுங்கள், அதற்குச் செலவு கட்டுபடியாகாது என்றால் இரும்புக்குப் போடுங்கள் என்பதே நம் அபிப்பிராயம்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. 27 ஆயிரம் ரூபாய் அவருக்குச் சிறிய தொகையல்ல என்பதை நாம் அறிவோம். எழுந்து போகும்போது ஒன்று மட்டும் கேட்டார். டயர், ஜன்னல் கண்ணாடி, பேட்டரி இவற்றைத் தனித்தனியாகக் கழற்றி விற்கலாமா? நன்றாக இருப்பவற்றைத் தாராளமாக விற்கலாம் என்றோம். கட்டில் பலகையை வீட்டில் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். மறுபடி யாரும் ஓட்டாதபடி, பதிவுச் சான்றை ரத்துச் செய்துவிட்டே வண்டியைக் கொடுக்குமாறு சொல்லி அனுப்பினோம்.