சும்மா கிடக்கும் நிலமா?

வியாபாரிக்கு நிலம் என்றால் முதலில் கண்ணில் படுவது அதன் முகப்பு; அடுத்தது வாடகை; அதற்கும் அடுத்தது கை மாற்றினால் கிடைக்கும் விலை. இதில் குற்றம் காண்பதற்கில்லை. கைமுதல் போட்டவன் கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இந்தப் பழக்கத்தினால் நம் நாவில் ஒரு சொல் ஊறிப்போய் விட்டது. கட்டடம் இல்லாத இடத்தைக் கண்டால், "அது சும்மா கிடக்கிறது" என்கிறோம். காடு சும்மாதான் கிடக்கிறதா? ஒரு நிலம் பயன்படுகிறது, மற்றொன்று வீணாகிறது என்று தீர்ப்புச் சொல்ல நம்மிடம் உள்ள அளவுகோல் யாது? சகோதரர்கள் சற்று ஆற அமர யோசிக்க வேண்டிய விஷயம் இது.

வெறும் தர்க்கத்திற்காக இதைக் கிளப்பவில்லை. குவீன்ஸ்டவுன் பக்கத்திலேயே இது ஒரு வழக்காக வந்தது. கிம் மோ வட்டாரத்தை ஒட்டி, உலு பாண்டான் கால்வாய்க் கரையில், டோவர் காடு என்று 33 ஹெக்டேர் நிலம். முன்னாளில் அங்கே ரப்பர் தோட்டமும் கம்பமும் இருந்தன. மனிதர்கள் போன பிறகு, அவர்கள் நட்டு வைத்த பழமரங்களைச் சுற்றிக் காடு தானாகவே எழும்பியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே வீடுகள் கட்டும் யோசனையோடு ஆய்வு ஒன்று செய்வித்து, 2020 டிசம்பரில் அதை வெளியிட்டது. 120 வகைச் செடிகொடி மரங்களும் 158 வகைப் பிராணிகளும் அதில் பதிவாயின. உடனே விவாதம் மூண்டது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் காட்டை விட்டுவைக்கக் கோரியது. பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றத்திலும் பேச்சு நடந்தது. 2021 ஜூலையில் அமைச்சர் டெஸ்மண்ட் லீ முடிவை அறிவித்தார். கிழக்குப் பாதி வீடுகளுக்கு. இயற்கையான ஓடை ஓடுவதும் உயிரினம் மிகுந்ததுமான மேற்குப் பாதி இப்போதைக்குக் கைவைக்கப்படாது, சுமார் 10 ஆண்டு சென்று மறுபடி பரிசீலிக்கப்படும்.

வீடு வேண்டும் என்றவர்கள் பக்கத்து நியாயத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. குவீன்ஸ்டவுன் என்னும் ஊரே அந்த நியாயத்தின் மேல் எழுந்ததுதான். 1953இல் முடிசூடிய எலிசபெத் ராணியின் பெயர் தாங்கிய இந்தப் புதுநகரில்தான், ஸ்டெர்லிங் சாலையில், கழகத்தின் முதல் அடுக்குமாடி வீடுகள் 1960இல் முடிந்தன. தஞ்சோங் பகார் பக்கம் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் ஓர் அறையில் எத்தனை பேர் படுத்து எழுந்தார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, ஒரு வீட்டுச் சாவியின் மதிப்புத் தெரியும். மணம் முடித்த மகனும் மருமகளும் வீட்டுக்காகக் காத்திருக்கையில் குருவிக்காகக் கண்ணீர் விடுவது எந்த ஊர் நியாயம் என்று ஒரு தகப்பனார் கேட்டால், அவரைக் கல்நெஞ்சர் என்று நாம் சொல்ல மாட்டோம்.

இங்கேதான் நம் முன்னோர் சரித்திரம் ஒரு வெளிச்சம் காட்டுகிறது. பாழ்பட்ட நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கு அது உரியது என்னும் சட்டம் நமக்குத் தெரியும். காட்டை அழிப்பதற்கு அதையே சாட்சி சொல்வோரும் உண்டு. ஆனால் அதே பிக்ஹு நூல்களில் ஹரீம் என்றொரு பாடம் இருக்கிறது. கிணற்றையும் ஆற்றையும் சுற்றியுள்ள இடத்தை எவரும் உயிர்ப்பிக்கிறேன் பேர்வழி என்று வளைத்துக்கொள்ள முடியாது. ஹிமா என்று இன்னொன்றும் உண்டு. அறியாமைக் காலத்தில் கோத்திரத் தலைவன் தன் நாயைக் குரைக்க விட்டு, சப்தம் எட்டும் மட்டும் உள்ள மேய்ச்சலைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்வானாம். பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தத் தனியுரிமையை ஒழித்தார்கள். பொதுநன்மைக்காக மட்டுமே ஹிமா என்று ஆக்கினார்கள். மதீனாவைச் சுற்றி மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள்.

பின்னர் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒரு ஹிமாவுக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக நியமித்தபோது இட்ட கட்டளை, வியாபாரிகளாகிய நாம் இருமுறை படிக்க வேண்டியது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடையவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே என்றார்கள். இருவரும் சொர்க்கத்து நற்செய்தி பெற்ற சஹாபாக்கள். அக்காலத்துப் பெரும் வர்த்தகர்கள். காரணத்தையும் கலீபா சொன்னார்கள். அவர்கள் மந்தை அழிந்தால் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது தண்ணீரும் புல்லும் கொடுப்பது எனக்கு மலிவு. எவ்வளவு சுத்தமான கணக்கு!

அந்தக் கணக்கை டோவர் காட்டில் போட்டுப் பார்ப்போம். சில ஆடு உடையவன் யார்? வீட்டுக்குக் காத்திருக்கும் இளந்தம்பதிகள், சந்தேகமில்லை. வெளிநாட்டு உல்லாசப் பயணத்துக்கு வழியில்லாத, ஞாயிற்றுக்கிழமை நிழலில் நடக்க மட்டுமே முடிந்த முதியவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். மனுப் போடத் தெரியாத பிராணிகளும் நிற்கின்றன. அப்படியானால் இப்னு அவ்ஃபின் மந்தை எது? கோல்ஃப் மைதானம் என்பேன். சிலர் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் கெப்பல் கிளப் மைதானம் இருந்த இடத்தில் சுமார் 9,000 வீடுகள் வரும் என்று 2022இல் அறிவிப்பானபோது, அரசாங்கமே அந்த வரிசைமுறையை ஒரு தடவை ஏற்றுக்கொண்டது என்றே கொள்கிறேன். மாற்று இடம் உள்ளவரிடம் முதலில் கேட்க வேண்டும். போக்கிடம் இல்லாதவரிடம் கடைசியில்தான். ஆகவே, கிழக்குப் பாதி போனது துக்கமாயினும் அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேற்குப் பாதிக்குக் கெடு வைத்ததுதான் உறுத்துகிறது.

அந்தக் காட்டில் பதிவான பறவைகளில் ஒன்று நம் தொழிலோடு சம்பந்தமுள்ளது. வைக்கோல் நிறத் தலையுடைய சின்னான் இனம், அருமையாகப் பாடும். அந்தக் குரலே அதற்கு எமனாயிற்று. கூண்டில் அடைத்து விற்பதற்காகப் பிடித்துப் பிடித்தே ஜாவாவிலும் தாய்லாந்திலும் இல்லாமல் செய்துவிட்டார்கள். இன்று அடியோடு அழியும் தறுவாயில் உள்ள இனம் அது; எஞ்சியவற்றில் குறிப்பிடத்தக்க பங்கு இந்தச் சின்னத் தீவில் வாழ்கிறது. அதை அழித்தது புலியோ பஞ்சமோ அல்ல, விற்றவரும் வாங்கியவரும். சரக்கு ஹலாலா என்று கேட்கிற நாம், அது எங்கிருந்து, எப்படிப் பிடிபட்டு வந்தது என்றும் கேட்டால் என்ன?

அனுபவிப்பதிலும் ஒரு முறை உண்டு. 2011 ஜூன் 30 வரை மலாயா ரயில் ஓடிய 24 கிலோமீட்டர்ப் பாதை, இப்போது பசுமை வழியாகத் தங்ளின் ஹால்ட் பக்கமாகவே போகிறது. மாலையில் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு அரைமணி நேரம் நடக்கலாம், காசு கேட்பாரில்லை. ஆனால் நம்மவர்களில் சிலர் ஸதக்கா என்ற நல்லெண்ணத்தோடு குரங்குக்கு ரொட்டியும் புறாவுக்கு அரிசியும் போடுகிறார்கள். 2020 ஜூன் முதல் வனவிலங்குகளுக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். சட்டம் கிடக்கட்டும், மனிதன் கையை எதிர்பார்க்கப் பழகிய குரங்கு, பிறகு பிள்ளைகள் கையிலுள்ள பையைப் பறிக்கிறது, அப்புறம் அதன் பாடு திண்டாட்டம். ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்பது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழி. கம்பத்துக்காரர்கள் டோவரில் டுரியான் நட்டது அந்த வகை. அரிசி தூவ விரும்புகிறவர், சமூகத் தோட்டத்தில் ஒரு மரக்கன்று வைக்கட்டும்.

மேற்குப் பாதியின் கணக்கு 2031 வாக்கில் மறுபடி மேசைக்கு வரும். சென்ற தடவை கழகம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. வந்த கடிதங்களுக்காகக் கெடுவையும் நீட்டியது. நம் சங்கங்களில் ஆய்வறிக்கையைப் படித்துத் தமிழில் விளக்கக்கூடிய வாலிபர்கள் இருக்கிறார்கள். வாடகை ஏறினால் மனு எழுதத் தெரிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் இப்போதே ஒருநாள் சேர்ந்து அந்தப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு வரலாம். சின்னான் பாடுவது காலை வேளையில்.