ஞாயிற்றுக்கிழமைகள் யாருடையவை?

நம் தந்தையாரின் ஜனாஸா ரெட்டியார்பாளையத்து வீட்டிலிருந்து புறப்பட்டபோது, சந்தூக்கைத் தோள்மாற்றிச் சுமந்தவர்களில் பாதிப்பேரை நாம் அறியோம். நெற்றியில் திருநீறு துலங்கியவர் இருந்தார். கழுத்தில் சிலுவை அணிந்தவர் இருந்தார். தலை நரைத்த ஒருவர், "சார் எனக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒதுங்கி நின்று அழுதார். பெற்ற மகனாகிய நமக்கு அந்நேரத்தில் கண்ணீர் வரவில்லை. அந்த மனிதர்மீது பொறாமை வந்தது. வெட்கத்துக்குரிய அந்தப் பொறாமையைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தோம்.

தந்தையார் பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது அவர் சிறுவர். அதன் பின்னரே சாரணர் சீருடையை அணிந்தார். இந்தியாவில் தனித்தனியே இயங்கிவந்த சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றுபட்டிருந்தன. தொடக்க காலத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு இந்த இயக்கத்தில் இடம் இருக்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் அவர்களுக்கென்றே தனி அமைப்பொன்றைத் தொடங்கவேண்டியதாயிற்று. இந்த வரலாற்றைத் தந்தையார் சலிக்காமல் சொல்வார்.

ஏறத்தாழ நாற்பதாண்டுகள், ஞாயிறு விடிந்தால் காக்கி உடை, கழுத்துத் துணி, விசில், தோளில் ஒரு கயிற்றுச் சுருள். சாரணர்கள் இடக்கையால் கைகுலுக்குவது வழக்கம். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் இதைக் குறையாகச் சொன்னபோது, "மைதானத்தில் இடக்கை, பள்ளிவாசலில் வலக்கை, கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று சிரித்தார். இந்தப் பணியால் அவருக்கு ஒரு காசும் வந்ததில்லை. முகாமுக்குப் பணம் கட்ட இயலாத பையன்களுக்காகச் சம்பளத்தில் குறைந்ததுண்டு. நமக்கோ சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் மாமா; கடற்கரைக்கு அழைத்துப் போனவர் பெரியத்தா. நாம் கடுங்காய்ச்சலில் கிடந்த ஒரு ஞாயிற்றிலும் அத்தா முகாமில் இருந்தார். அம்மா ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் காக்கி உடைக்குக் கஞ்சி போடும்போது அவர் முகம் இறுகியிருக்கும்.

ஊருக்கு உழைப்பவன் தன் வீட்டாரின் பங்கை எடுத்தா கொடுக்கிறான்? பொருளைப் பொறுத்தவரை இதற்கு விடை எளிது. பெற்ற பிள்ளைகளைப் பசிக்க விட்டுவிட்டுத் தருமம் செய்பவனை யாரும் மெச்சுவதில்லை. நேரம் என்று வரும்போது மட்டும் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம். நேரத்தை வாரிக் கொடுத்தவனைத் தியாகி என்கிறோம்; அது யாருடைய நேரம் என்று கேட்பதில்லை.

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் தம் சகோதரத் தோழர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்ற நிகழ்ச்சியை வாசகர்கள் அறிவார்கள். வீட்டு அம்மையார் தம்மைப் பேணிக்கொள்ளாத எளிய உடையில் இருந்ததைக் கண்டுதான் ஸல்மான் அவர்களுக்கு நிலைமை விளங்கிற்று. பகலில் நோன்பு, இரவில் தொழுகை என்றிருந்த நண்பரைத் தடுத்து, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு, அவரவர்க்கு உரியதை அளியுங்கள் என்றார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நாயகம் (ஸல்) அவர்களும் உறுதிசெய்தார்கள். நஃபிலான வணக்கத்துக்கே இந்த வரம்பு என்றால் சாரணர் முகாமுக்கு வரம்பு இல்லையா? கல்லூரியில் படித்த நாளில் இதைத் தந்தையார் முன்னிலையில் கேட்டே விட்டோம்.

அவர் வாதாடவில்லை. "உரிமைதான். உனக்கு நான் கடன்பட்டவன்" என்றார். சற்றுப் பொறுத்து, இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவலைப் பற்றிச் சொன்னார். அவர் 1857-ல் பிறந்தவர். 1860-ல், மூன்று வயதில், தகப்பனை இழந்தவர். "என் மைதானத்துக்கு வரும் பையன்களில் சிலருக்குத் தகப்பன் வீட்டில் இருந்தும் இல்லை. உனக்கு வாரத்தில் ஆறு நாள் நான் இருக்கிறேன்."

சாமர்த்தியமான பதில் என்றே அன்று தோன்றிற்று. இன்றும் அதை முழுதாக ஏற்க மனம் வரவில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு ஆறு நாள் கணக்கு விளங்காது. ஆனால் பொதுப்பணியில் இருப்போர் பலர், நம்மால் உங்களுக்குப் பெருமை அல்லவா என்றுதான் வீட்டாரிடம் சொல்கிறார்கள். கடன் என்ற சொல்லைத் தாமாக எடுத்துக்கொண்டவரை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

மூன்றாம் நாள் அந்த நரைத்த தலைக்காரர் வீட்டுக்கு வந்தார். அவருடைய தகப்பனார் சாராயத்தில் அழிந்தவராம். ஞாயிறு காலை மைதானத்தில் கிடைத்த இட்லிதான் அந்த வாரத்தின் முழு உணவாக இருந்த நாட்கள் உண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரியைப் புரட்டிப் போட்டதே, அதன்பின் முறிந்து தொங்கிய கிளைகளை வெட்ட மரமேறியபோது, அத்தா கற்றுக்கொடுத்த முடிச்சைத்தான் இடுப்பில் போட்டுக்கொண்டாராம். "அந்த வளையம் இறுகவும் இறுகாது, நழுவவும் நழுவாது" என்று கையால் காட்டினார். தம் வீட்டுப் பூசையில் அத்தாவுக்கும் ஒரு விளக்கு உண்டு என்றார்.

மரணத்தோடு மனிதனின் செயல்கள் அறுந்துவிடும்; நிலைத்த தருமம், பயன்தரும் கல்வி, தனக்காகப் பிரார்த்திக்கும் நற்பிள்ளை ஆகிய மூன்றும் அறுவதில்லை என்பது நபிமொழி. முதல் இரண்டையும் தந்தையார் மைதானத்தில் தேடிக்கொண்டார். மூன்றாவது நம் பொறுப்பு. அதில் நாம் எவ்வளவு சோம்பல் காட்டினோம் என்பதை அந்த விளக்கைப் பற்றிக் கேட்ட இரவில்தான் எண்ணிப் பார்த்தோம்.

நாற்பதாம் நாள் கபுருஸ்தானுக்குச் சென்றோம். மீசான் கல்லருகே யாரோ கூழாங்கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். 'வீடு திரும்பிவிட்டேன்' என்பதற்கான சாரணர்களின் வழிக்குறி அது. 1941 ஜனவரி 8-ல் கென்யாவில் மறைந்த பேடன் பவலின் கல்லறையிலும் இக்குறி பொறிக்கப்பட்டிருக்கிறது. கபுரில் இதெல்லாம் ஆகாது, எடுத்துவிடு என்றார் அண்ணன். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது, குனிந்தோம்.

ஞாயிறு மாலைகள் நினைவுக்கு வந்தன. மக்ரிபு கழிந்து நெடுநேரம் ஆனாலும், விழுப்புரம் சாலைப் பக்கமிருந்து அத்தாவின் சைக்கிள் மணி கேட்கும்வரை அம்மா கதவைத் தாழிடமாட்டார். மணி கேட்டதும் அடுப்பில் சோற்றைச் சூடாக்க எழுவார். நாம் தூங்குவதுபோல் கிடப்போம்.

யாஸீன் ஓதி துஆச் செய்தோம். கற்களைத் தொடாமல் திரும்பினோம்.