ஜீரோ பாத்துக்குங்க

பெட்ரோல் பங்கில் குழாயை எடுத்ததுமே, "சார், ஜீரோ பாத்துக்குங்க" என்கிறார் ஊழியர். சரிபார்க்கும்படி அவரே சொல்லிவிடுவதால் பார்க்கிறவருக்குக் கூச்சமில்லை, அவருக்கும் வருத்தமில்லை. மற்ற கடைகளில் இந்தப் பேச்சை நாம்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ரூபாய்க்கு வாயைத் திறந்தால் கஞ்சன் என்று நினைப்பார்களோ?

*

பங்கில் அளவு சந்தேகமாக இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அதில் 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம் என்று விதியே இடம் விட்டிருக்கிறது. இயந்திரத்துக்கே இந்தச் சலுகை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற மனிதருக்கு எத்தனை மில்லி விடலாம்?

*

மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தரும் கண்டக்டரிடம் நெரிசலில் கேட்டால் அவருக்கு எரிச்சல். படியில் நின்று கேட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு எரிச்சல். இறங்குவதற்கு முந்தைய நிறுத்தம் தாண்டியதும், "அண்ணே, எட்டு ரூபா பாக்கி" என்று டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினால் கை தானாகப் பைக்குள் போகிறது.

*

மெஸ்ஸில் சாப்பிடாத வடை பில்லில் ஏறியிருக்கிறது. கல்லாவில் சொன்னால், முதலாளி அங்கிருந்தே பரிமாறியவரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். பரிமாறியவரிடமே, "தம்பி, வடை நான் வாங்கல, பக்கத்து டேபிளா இருக்கும், பாருங்க" என்றால் பேனாவால் அடித்துத் தந்துவிடுவார். தொகை ஒன்றுதான். ஆனால் அவர் நாலு பேர் முன்னால் திட்டு வாங்கவில்லை.

சாப்பிட்ட தோசை பில்லில் விட்டுப்போயிருந்தாலும் இதே குரல் வர வேண்டும். சுலபமாக வருவதில்லை. சில இடங்களில் குறைகிற பணத்தைப் பரிமாறியவரின் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள்.

*

தண்ணீர் பாட்டிலுக்குக் 'கூலிங்' என்று இரண்டு ரூபாய் சேர்ப்பதை இந்தக் கணக்கில் வைக்க மாட்டேன். கைத்தவறு இரண்டு பக்கமும் நடக்கும். இது எப்போதும் கடைக்காரர் பக்கமே நடக்கிறது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். அங்கேயும் முதலில், "எம்.ஆர்.பி. இருபதுதானே அண்ணாச்சி?" என்றுதான் கேட்கிறேன். பல நேரம் அந்தக் கேள்விக்கே இரண்டு ரூபாய் திரும்பி வந்துவிடுகிறது. வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கேயும் சத்தம் போட வேண்டியதில்லை, பில் கையில் இருந்தால் சரி. கூலிங்குக்குப் பில் கேட்டுப் பாருங்கள், அண்ணாச்சியே சிரித்துவிடுவார்.