கொல்லனின் பொறுப்பு: உறுப்பு மாறும் படைக்கலம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

படைக்கலத்தை ஆக்கியவனுக்கு அது விளைக்கும் உயிர்க்கேட்டிற் பங்கு உண்டா என்பது பழைய வினா. புறநானூற்றுச் செய்யுள் ஒன்றிற் பொன்முடியார், ஒருவனை வீரனாக்கும் கடமைகளைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் எனப் பலருக்கும் பகிர்ந்தளிக்கின்றார். வேலை ஆக்குதல் அங்கே கொல்லனின் பங்கு. அக்கொல்லன் தன் வேலை ஏந்தப்போகும் கையையும், அது யார்மேற் செல்லும் என்பதையும் ஓரளவேனும் அறிந்திருத்தல் கூடும். இன்றைய படைக்கல ஆக்கத்தில் அத்தகைய அணுக்கம் அருகிவிட்டது. அவ்வாறு அருகியதனாற் பொறுப்பும் குறைந்ததாகுமா என்பதை, உறுப்புக்களை மாற்றிப் பல ரவைகளைச் சுடத்தக்கதாக வடிவமைக்கப்படும் இராணுவத் துப்பாக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே உடற்கூட்டிற் குழல், ரவைக்கூடு முதலியவற்றை மாற்றிப் பல தொழில்களுக்கு உதவச் செய்யும் எண்ணம் புதியதன்று. அமெரிக்கரான யூஜின் ஸ்ரோனர் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘ஸ்ரோனர் 63’ இதற்குத் தக்க சான்று. அதன் உடற்கூடு ஒரு நிலையிற் காலாட்படையினனின் துப்பாக்கியாகும். அதனையே தலைகீழாகத் திருப்பி, வேறு குழலையும் ரவை ஊட்டும் உறுப்பையும் பொருத்தின் இயந்திரத் துப்பாக்கியாகும். வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் பிரிவினர் அதனைக் கையாண்டனர். எனினும் பொதுப் படைக்கலமாக அது ஏற்கப்படவில்லை. அது சுட்டது 5.56 மில்லிமீற்றர் ரவை ஒன்றையே. ரவையையும் மாற்ற வேண்டும் என்னும் கருத்து பின்னரே வலுப்பெற்றது. அமெரிக்கச் சிறப்புப் படைகளின் கட்டளைத் தலைமையகம் 2004இல் தெரிவுசெய்த ‘ஸ்கார்’, பெல்ஜியத்தின் எவ்.என். நிறுவனத்தினது ஆக்கம். அது 5.56, 7.62 என்னும் இரு அளவுகளில் அமைந்தது. உறுப்புக்களுட் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொது. 2014இல் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் காட்சிக்கு வைத்த துப்பாக்கியோ, குழல் முதலியவற்றை மாற்றின் 5.56, 6.8, 7.62 என மூவகை ரவைகளைச் சுடத்தக்கது.

இவ்வடிவமைப்புக்குரிய நியாயங்கள் அற்பமானவை அல்ல. சிறிய ரவை எடை குறைந்ததாதலின் வீரன் கூடுதலானவற்றைச் சுமக்கலாம். பெரிய ரவை தொலைவிலும் வலிமை குன்றாது. ஒரு துப்பாக்கியிற் பயின்றவன் அனைத்தையும் கையாளலாம். உதிரி உறுப்புக்களின் வகையும் சுருங்கும். தன் கைக்கருவி களத்திற் பயன்படாது போமாயின் உயிரிழப்பவன் அவ்வீரனே. அவன் உயிரும் உயிரே என்பதை மறந்து எழுதும் அறவியல் நேர்மையானதன்று.

இனி, ஆக்கியோன் தன்னைப் பொறுப்பினின்று விடுவிக்கக் கூறத்தக்க வாதங்களை நோக்குவோம். கருவி நன்மை தீமை அற்றது, பயன்படுத்துவோனே பொறுப்பாளி என்பது முதலாவது. கத்தியைப் பொறுத்தவரை இது ஓரளவு பொருந்தும். கத்தி காய் நறுக்கவும் உதவும். இராணுவத் துப்பாக்கிக்கு அத்தகைய மறுபயன் இல்லை. மேலும், பல ரவைகளுக்கு ஏற்ப வடிவமைப்பவன், எந்த நிலத்தில், எவ்வளவு தொலைவில், யாரை நோக்கிச் சுடப்படும் என்பன மாறிக்கொண்டே இருக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவனாவான். அந்த மாற்றத்துக்கு இடமளிப்பதே அவன் ஆக்கத்தின் சிறப்பு. தான் எண்ணிப் பார்த்தே இடமளித்த பயன்களை, எதிர்பாராதவை எனப் பின்னர் அவன் கூறுதல் இயலாது.

நாட்டைக் காக்கவே ஆக்கினேன் என்பது இரண்டாவது வாதம். மிகையீல் கலாஷ்னிக்கோவ் நெடுங்காலம் இதனையே கூறிவந்தார். ஆயினும் 2012இல், தம் முதுமையின் இறுதியில், இரசிய மரபுவழித் திருச்சபையின் தலைவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தமது துப்பாக்கி பறித்த உயிர்களுக்குத் தாம் பொறுப்பாளியா என்னும் வேதனை அதில் வெளிப்பட்டது. தாய்நாட்டைக் காக்கும் படைக்கலத்தையும் அதனை ஆக்குவோரையும் திருச்சபை ஆதரிக்கும் என அத்தலைவரின் பேச்சாளர் விளக்கமளித்தார். அவ்விடை வினாவின் ஒரு பாதிக்கே பொருந்தும். எந்த நாட்டின் கையில், எந்த நோக்கத்துக்காக என்னும் மறுபாதி விடையின்றியே நிற்கின்றது. கலாஷ்னிக்கோவ் 2013இல் மறைந்தார்.

யான் ஆக்கியது ஓர் உறுப்பையே என்பது மூன்றாவது வாதம்; எமது பொருளுக்கு நெருங்கியதும் இதுவே. குழலை ஒருவர் ஆக்க, உடற்கூட்டை மற்றொருவர் ஆக்க, படைவீரன் களத்தில் அவற்றைப் பொருத்துவானாயின், கொல்லும் துப்பாக்கியை ஆக்கியவர் யார்? மிலிந்த மன்னனிடம் நாகசேனர் வினவியதும் இத்தகையதே. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என வினவி, எதுவும் தேரன்று, உறுப்புக்களின் கூட்டத்துக்கு இட்ட பெயரே தேர் என்று அவர் காட்டினார். ஆயினும் மன்னன் அவ்விடத்துக்குத் தேரிலேதான் வந்திருந்தான். பெயரளவினது என்பதனால் அதன் தொழில் இல்லாமற் போவதில்லை.

இவ்வினா நடைமுறையிலும் எழுந்துள்ளது. 2005இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற ஆவணம் ஒன்று, சிறு படைக்கலம் ஒவ்வொன்றிலும் அதன் இன்றியமையாத உறுப்பில் அடையாளம் பொறிக்கப்படல் வேண்டும் என்கின்றது. உறுப்புக்கள் மாறும் துப்பாக்கியில் எவ்வுறுப்பு இன்றியமையாதது? பொறித்த காலத்து ரவையளவும் கைப்பற்றிய காலத்து அளவும் வேறுபடின் பதிவேட்டைக்கொண்டு எங்ஙனம் தேடுவது? 2014இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் அறிக்கை ஒன்று இவ்வகைத் துப்பாக்கிகள் எழுப்பும் சிக்கலை எடுத்துரைத்தது. இங்கு அடையாளம் சிதறுமாயின் பொறுப்பைத் தேடும் வழியும் சிதறும்.

பொறுப்பு உறுப்புக்களைப் போலப் பிரித்தெடுக்கத் தக்கதன்று என்பதே எம் முடிபு. பத்துப் பேர் சேர்ந்து ஒரு பாறையை உருட்டி ஒருவனைக் கொன்றால், ஒவ்வொருவர் மீதும் பத்திலொரு கொலை சுமத்தப்படுவதில்லை. உருட்டுவது இன்னதென அறிந்து கைகொடுத்த ஒவ்வொருவரும் கொலைக்கு விடை கூறக் கடமைப்பட்டவரே. அவ்வாறே, ஆக்கியோனும் வாங்கும் அரசும் சுடுவோனும் பொறுப்பைப் பங்கிட்டுத் தத்தம் சுமையை இலேசாக்கிக்கொள்ள இயலாது.

இதனாற் படைக்கலம் ஆக்குவோர் அனைவரும் குற்றவாளிகள் என்பது பெறப்படாது. தற்காப்பின் தேவையை யாம் மறுக்கவில்லை. பெறப்படுவது ஒரு கடமை. 1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறையின் 36ஆம் உறுப்புரை, புதிய படைக்கலம் ஒன்றின் பயன்பாடு சட்டத்துக்கு முரணாகுமா என ஆராயும் பொறுப்பை அரசுகள்மேற் சுமத்துகின்றது. வரைபலகை முன் அமரும் பொறியியலாளனும் தனக்குத்தானே அவ்வாராய்வை நிகழ்த்தல் வேண்டும்: தன் ஆக்கம் ஏற்கக்கூடிய வடிவங்கள் எவை, எவர் கையை அது அடையும், அடையாளம் அழியாதிருக்கத் தான் செய்தது யாது என. இவ்வினாக்களுக்கு விடை காண இயலாதவிடத்து வரைதலை நிறுத்தும் உரிமையும் அவனுக்குண்டு. பொறியியற் பீடத்திற் கற்பிக்கப்படும் கணிதத்தோடு இவ்வினாக்களும் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதை இப்பல்கலைக்கழக வாசகர் முன் வைக்கின்றேன்.